மழை எழுதிவைத்த கணக்கு

என் சிறு வயதில் ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு குளிர்காலம் இருந்தது. சிரிக்க வேண்டாம். தைப்பூசக் காவடி இறங்கிய சில நாளில் பால்மரங்கள் எல்லாம் மஞ்சளாகிப் பழுத்து, பேசிவைத்துக்கொண்டதுபோல இலையைக் கொட்டிவிடும். துரைமார் அதற்கு ‘விண்டரிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் அது எலையுதிர்காலம். பால் குறையும், அதோடு அம்மா வீட்டுக்குக் கொண்டுவரும் சம்பளமும் குறையும். பெரியவர்களுக்குக் கவலைக் காலம். பிள்ளைகளுக்குச் சருகில் புரளும் காலம். சில வாரங்களில் மொட்டைக் கிளைகளில் செம்பு நிறத்தில் தளிர் வரும். எங்களுக்கு வாய்த்த வசந்தம் அதுதான்.

இன்று ஜோகூரின் பத்து பாகாட்டைச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் செம்பனை. செம்பனை இப்படி மொட்டையாக நிற்பதில்லை, அதனால் பருவம் மாறுவது இளையவர்கள் கண்ணில் படுவதில்லை. பருவம் மட்டும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச்சில் முடிகிறது. நம் பக்கத்தில் பிப்ரவரியிலேயே மழை மெலிந்துவிடும். ஏப்ரல், மே வந்தால் மாலைதோறும் இடியும் மின்னலும். இடையில் கிடைக்கும் சில வாரங்கள்தான் வீட்டைப் பழுதுபார்க்கவும் மலையேறவும் நமக்கு வாய்க்கும் காலம்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவர் படுக்கையில் விழுந்த பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தவள். எங்கள் தாமானில் புதிதாகக் குடிவந்த இளம் தம்பதிகள் சிலர் ஏணி இரவல் கேட்டு வருவார்கள். ஏணியோடு கொஞ்சம் பேச்சையும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்புவேன். “டீச்சர், இதையெல்லாம் எழுதிக் கொடுங்களேன்” என்றார்கள். எழுதிவிட்டேன்.

1. காலண்டரை முழுசாக நம்பாதீர்கள்.

சீனப் புத்தாண்டு முடிந்துவிட்டது, இனி மழை இல்லை என்று ஒரு நினைப்பு நம் ஊரில் உண்டு. 2023-இல் அந்த நினைப்பு நம்மைக் கைவிட்டது. பிப்ரவரி கடைசியில் பிடித்த மழை மார்ச்சில் ஜோகூரையே முக்கியது. மாநிலம் முழுவதும் 40,000 பேருக்கு மேல் துயர் துடைப்பு மையங்களில் இருந்தார்கள். மிக மோசமாக அடிபட்டது நம் மாவட்டம்தான். மற்ற இடங்களில் நீர் வடிந்த பிறகும் இங்கே வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அதற்கும் முன்னால், 2006 டிசம்பரில் ஒரு வெள்ளம் வந்து, வீட்டைக் கழுவி முடித்த கையோடு 2007 ஜனவரியில் இரண்டாவது வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் நிலம் தட்டை. கடல் பெருகும் நேரத்தில் பெருமழையும் சேர்ந்தால் பாரிட்டுக் கால்வாய்த் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது.

ஆகவே புது மெத்தையும் மர அலமாரியும் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள். தொடர்ந்து பத்து நாள் துணி கொடியிலேயே காய்ந்தால் பருவம் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு சாட்சியும் உண்டு. வடக்கே கடுங்குளிருக்குப் பயந்து இங்கே வந்த பறவைகள் மார்ச் வாக்கில் ஊர் திரும்புகின்றன. சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டும் பருந்துகளையும் தேன்பருந்துகளையும் பார்க்கவே போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானில் கூட்டம் கூடும். வடக்கே பனி உருகுவதை நாம் பார்க்க முடியாது. அதைத் தேடிப் போகும் பறவையைப் பார்க்கலாம்.

2. மழையில் பாருங்கள், வெயிலில் தொடுங்கள்.

நான் சொல்ல வந்ததில் பாதி இந்த ஒரு வரிதான். வீட்டின் குறை வெயிலில் தெரியாது. கனத்த மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மழைநீர்த் தகரம் எங்கே வழிகிறது? எந்தச் சுவரில் சாரல் அடிக்கிறது? சாக்கடையில் தண்ணீர் ஓடுகிறதா, நிற்கிறதா? உள்ளே வந்து கூரைத்தட்டைப் பாருங்கள். கறை தெரிந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி போடுங்கள். அடுத்த மழையில் கறை கோட்டைத் தாண்டினால் ஒழுகல் உயிரோடு இருக்கிறது. தாண்டாவிட்டால் அது பழைய கதை.

இதற்கென்று பழைய பள்ளி நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்க எழுதுவேன். பிப்ரவரியில் அந்த நோட்டைத் திறந்தால் செய்யவேண்டிய வேலை வரிசையாக நிற்கும். மழை எழுதிவைத்த கணக்கை வெயிலில் தீர்க்கிறோம், அவ்வளவுதான். கணக்குப் பார்க்காமல் முதலில் பெயின்ட் டின் வாங்குகிறவர்கள் அடுத்த வருடம் அதே சுவருக்கு மறுபடி பெயின்ட் வாங்குகிறார்கள்.

3. கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள்.

தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, வேலையும் அப்படியே வரட்டும். முதலில் கூரை, பிறகு மழைநீர்த் தகரம், பிறகு சாக்கடை, பிறகு சுவர். பெயின்ட் கடைசி. தகரக் கூரையில் ஓட்டை விழுவதைவிட ஆணியின் அடியிலுள்ள ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துப் போவதுதான் அதிகம். ஒரு கை வளையத்தின் விலை கூரை ஆளின் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

சுவர் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்டைத் திறக்காதீர்கள். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் கொப்புளித்து அப்பளம்போல உரிந்து வரும்.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். பழைய வீடுகளின் கூரைத்தட்டும் அலைத்தகடும் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுப்பது, துளைப்பது, உரசுவது எதுவும் வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. சந்தேகம் என்றால் கையை எடுத்துவிட்டு, அதில் பழகியவர்களைக் கூப்பிடுங்கள்.

4. ஏணிக்கு மரியாதை கொடுங்கள்.

நான் விழுந்திருக்கிறேன். உயரம் ஆறடிதான். தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரியாக வைக்க ஏறினேன், காலில் ஜப்பான் சிலிப்பர். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். தொட்டி மூடி எனக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுப் பையன் கையால் ஒரே நிமிடத்தில் சரியாயிற்று. அவனை முன்பே கூப்பிட்டிருக்கலாம்.

சாய்ந்த ஏணிக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு நான்கு அடி உயரத்துக்கும் சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஏணியின் கால் இருக்கவேண்டும். அதைவிடக் கிட்டே வைத்தால் பின்னால் சாயும், தள்ளி வைத்தால் அடி வழுக்கும். பாசி படிந்த சிமெண்டின்மேல் நிறுத்தக் கூடாது. மழை முடிந்த மாதத்தில் நம் வீட்டுப் பின்புறம் முழுக்கப் பாசிதான். எட்டாத இடத்தை எட்டிப் பிடிக்காதீர்கள், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது ஏறாதீர்கள். மலையில் கால் வைக்கிறவர்களுக்கும் இதே பாடம்தான்: மூன்று பிடி உறுதியான பிறகு நாலாவதை நகர்த்து.

5. மின்சாரத்தில் கற்றுக்கொள்ளலாம், கைவைக்கக் கூடாது.

மெயின் சுவிட்ச் பெட்டியில் கசிவு மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச் இருக்கும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ‘டப்’ என்று விழுந்தால் உயிரைக் காக்கத் தயாராக இருக்கிறது. விழாவிட்டால் அன்றே பதிவுபெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். அந்தப் பொத்தானை வாழ்நாளில் தொடாத வீடுகளை எங்கள் தாமானிலேயே பார்த்திருக்கிறேன். வெள்ளம் ஏறிய வீடு என்றால் நீர் வடிந்து, சுவர் காய்ந்து, வயர்மேன் பார்த்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சை மேலே தள்ளவே கூடாது. பல்பு மாற்றுவது உங்கள் வேலை. அதற்கு மேல் இருப்பது எல்லாம் அவர் வேலை.

6. காலடியில் இருக்கும் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தின் பெரும்பகுதி மென்மையான களிமண், சில இடங்களில் கரிமண். பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் இந்த மென்மண்ணை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். வீட்டின் தூண்களுக்குக் கீழே ஆழமாக அடித்தளம் இறங்கியிருக்கும். பிறகு ஒட்டவைத்துக் கட்டிய கார் நிறுத்தும் இடத்துக்கும் பின்பக்கச் சமையல்கட்டுக்கும் பல வீடுகளில் அது இருக்காது. வீடு நிற்கும், ஒட்டு இறங்கும், நடுவில் வெடிப்பு விழும். பார்த்தவுடன் வீடே இடியப்போகிறது என்று அலறுவார்கள்.

வெடிப்பின் குறுக்கே பென்சிலால் இரண்டு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளங்கள். மாறவில்லை என்றால் அடைத்துவிடலாம். விரிந்துகொண்டே போனால் பொறியாளரைத் தேடுங்கள். சிமெண்டைக் குழைத்து அப்பிக்கொண்டே இருப்பது மருந்து போடாமல் கட்டுமட்டும் மாற்றுவதைப் போல. இன்னொன்று: இறங்கிய தளத்தின்மேல் மேலும் மேலும் கான்கிரீட் ஊற்றி மேடாக்காதீர்கள். பாரம் கூடக் கூட இந்த மண் இன்னும் வேகமாக இறங்கும்.

7. கழிப்பதைக் கழியுங்கள், கொளுத்தாதீர்கள்.

போகிக்குப் பழையதைக் கழிப்பது நம் வழக்கம். புத்தாண்டுக்கு முன்னால் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துடைப்பது பக்கத்து வீட்டுச் சீனர்களின் வழக்கம். அவர்களும் அந்தப் புத்தாண்டை வசந்த விழா என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு வழக்கமும் ஒரு மாத இடைவெளிக்குள் ஒரே தெருவில் நடப்பது நம் ஊரின் அழகு. ஆனால் திறந்த வெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம். கரிமண் நிலத்தில் பற்றிய நெருப்பு மண்ணுக்குள்ளேயே புகைந்துகொண்டு நகரும்; மேலே அணைத்துவிட்டோம் என்று நினைத்தால் கீழே எரிந்துகொண்டிருக்கும். சருகைக் குழியில் போட்டு மக்கவிடுங்கள்.

பூச்சட்டித் தட்டு, பழைய டயர், மழைநீர்த் தகரத்தின் மூலை ஆகிய மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், திரும்ப நீர் பட்டதும் பொரியும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால்தான் அது போகும்.

8. முதல் செடியைக் கறிவேப்பிலையாக வையுங்கள்.

இளையவர்கள் எடுத்த எடுப்பில் ரோஜாவுக்குப் போகிறார்கள். நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ரோஜா பொறுமையைச் சோதிக்கும். கறிவேப்பிலை, செரை, பாண்டான், ஊசிமிளகாய் ஆகியவை உங்கள் தவறுகளை மன்னிக்கும், சமையலுக்கும் வரும். முருங்கைக் கொம்பை நட மழை முடிந்த இந்தக் காலம்தான் சரி. மழைக்காலத்தில் நட்டால் களிமண்ணில் நீர் தேங்கி அடியே அழுகிவிடும். மண்ணை ஓரடி உயர்த்தி மேடாக்கி அதன்மேல் நடுங்கள். நடுவெயிலில் நடாதீர்கள், மாலையில் நட்டுச் சருகால் அடியை மூடுங்கள்.

யார் வீட்டிலாவது டுரியான் மரம் இருந்தால், வறண்ட நாட்களில் அது வாடுவதைப் பார்த்துப் பதறவேண்டாம். சில வார வறட்சிதான் அதைப் பூக்கவைக்கிறது. இந்தக் காலத்தில் பூத்தால் பள்ளி ஆண்டின் நடுவில் பழம். சில மரங்களுக்குத் தாகமும் உரம்தான். என் மாணவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

9. முதல் மலை சோகாவாக இருக்கட்டும்.

குனோங் லேடாங் 1,276 மீட்டர். படத்தைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போகத் துடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் புக்கிட் சோகா. நகரத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. வாரம் இரண்டு முறையாக ஒரு மாதம் ஏறுங்கள். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் பானாங் மலைப் பக்கம் போகலாம். அதன் பிறகு குளுவாங்கில் இருக்கும் 510 மீட்டர் லம்பாக். லேடாங் கடைசி. அங்கே முன்பதிவும் வழிகாட்டியும் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். காப்புக்காட்டுக்குள் நுழையுமுன் வனத்துறையின் அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலணிக்கு முந்நூறு வெள்ளி செலவழிக்க வேண்டாம். தோட்டத்தில் எங்கள் அம்மா பால்வெட்டுக்குப் போட்டுப் போன கறுப்பு ரப்பர்ச் சப்பாத்துக்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலிப் பெயர். இன்று மலையேறிகள் அதைத் தேடி வாங்குகிறார்கள். வழுக்காது, நனைந்தாலும் பாரம் ஏறாது. உள்ளே உயரமான காலுறை போட்டு, காற்சட்டையின் நுனியை அதற்குள் செருகிக்கொள்ளுங்கள். அட்டைக்கு வழி அடைபடும். மழை முடிந்த மாதத்தில் விழுந்த மரமும் கரைந்த படியும் பாதையில் இருக்கும். போன வருடப் பாதையை நினைவில் வைத்து நடக்காதீர்கள்.

மலை பிடிக்காதவர்களுக்குச் சைக்கிள் இருக்கிறது. ஜாவாவிலிருந்து வந்தவர்கள் வெட்டிய பாரிட்டுகளின் ஓரமாகப் போகும் பாதைகள் மேடு பள்ளம் இல்லாதவை. பாரிட் சூலோங் வரை போகிறவர்கள் பாலத்தருகே இறங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். 1942 ஜனவரியில் பின்வாங்க முடியாமல் காயத்தோடு விடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியப் படைவீரர்களை ஜப்பானியர்கள் அங்கே கொன்றார்கள். நம் ஊர்ப் பெயர் சொல்லும் வரலாற்றில் நம்மைப்போன்ற முகங்களும் உண்டு.

10. கடிகாரத்தின் மதியத்தை நம்பாதீர்கள், நிழலைப் பாருங்கள்.

1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதனால்தான் பிப்ரவரியில் நமக்கு ஏழே காலுக்குமேல் சூரியன் எழுகிறது, உச்சிக்கு வரும்போது மணி ஒன்று இருபது. பன்னிரண்டு மணிக்கு ‘உச்சி வெயில் வந்துவிட்டது, இனிக் குறையும்’ என்று கூரைமேலேயே இருந்தவர் ஒருவர் மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கொடுமையான வெயில் அதற்குப் பிறகுதான் வருகிறது.

என் கால அட்டவணை இது: ஏழரை முதல் பத்தரை வரை வெளிவேலை அல்லது மலை. பத்தரைக்குப் பசியாறிவிட்டு நிழல் வேலை: நோட்டு எழுதுவது, ஆணி பிரித்துவைப்பது, கத்தி தீட்டுவது. ஐந்து மணிக்குமேல் திரும்ப வெளியே. வானிலைத் துறை வெப்பத்தை மூன்று நிலையாகச் சொல்கிறது. 35 முதல் 37 பாகை மூன்று நாள் தொடர்ந்தால் எச்சரிக்கை, 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. முதல் நிலையிலேயே மலைக்கு விடுமுறை கொடுங்கள். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் ஏற்கெனவே தாமதம்.

11. தண்ணீரை வேடிக்கை பார்க்கலாம், விளையாடுவதற்கு முன் யோசியுங்கள்.

அருவியில் நிற்கும்போது உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கலாம். மலையுச்சியில் பெய்த மழை அரை மணி கழித்து உங்களிடம் வந்து சேரும். அதற்கு மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்று பெயர், தண்ணீரின் தலை. அது வருமுன் சாடை காட்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும், மேலே லாரி வருவதுபோல இரைச்சல் கேட்கும். இதில் எதைக் கண்டாலும் பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். செல்பேசியையும் விட்டுவிட்டு ஓடுங்கள் என்றால் இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன், விட்டுவிட்டு ஓடுங்கள்.

காலில் காயத்தோடு ஆற்றிலோ தேங்கிய வெள்ளத்திலோ இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் உயிரைக் குடிக்கும். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக “நான் ஆற்றில் இறங்கினேன்” என்று சொல்லுங்கள். எங்கே போனாலும், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். நேரம் கடந்தால் அவர் 999-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

12. ஒருநாள் வீட்டுக்கு, ஒருநாள் வெளிக்கு.

2014 முதல் பதினோரு ஆண்டுகள் ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து மறுபடி சனி, ஞாயிறு. எந்த இரண்டு நாளாக இருந்தாலும் பங்கு பிரியுங்கள். இரண்டு நாளும் ஏணிமேலேயே இருந்தால் வீடு பகையாகிவிடும். இரண்டு நாளும் மலையிலேயே இருந்தால் ஒழுகல் பெரிதாகிவிடும். அதிலும் ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். பாதிச் சுவரை உரித்துப் போட்டுவிட்டுக் குழாயைக் கழற்றப் போகாதீர்கள். லேடாங் போன்ற பெரிய மலையிலும் இரண்டு மணிக்குள் உச்சி தொடமுடியாது என்று தெரிந்தால் திரும்பிவிடுங்கள். பாதியில் திரும்பியவர்கள் அடுத்த வாரமும் வருவார்கள். முடித்தே தீருவேன் என்று போனவர்களை நாம்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ஒரு ஞாயிறு மாலை மின்யாக் பெக்குவுக்குப் போங்கள். சேறும் பாறையுமான கரை அது, நீந்துவதற்கு ஏற்றதில்லை. நீரிணையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். அங்கே பாறையில் குடைந்த கிணறு ஒன்று இருக்கிறது. மலாக்காவிடம் தோற்றுப் பின்வாங்கிய சயாம் படை குடிநீருக்காகச் செதுக்கியது என்று பழங்கதை. கதை எப்படியோ, நம் ஊர்ப் பெயரின் பொருளே செதுக்கிய கல். கடல் அலையடிக்கும் இடத்தில் நின்றுகொண்டு, நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து உளியை வைத்தவர் அதற்குமுன் அந்தப் பாறையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்புங்கள்.

என் ஏணி பின்கட்டில் சாய்ந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கேட்டில் தொங்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் போங்கள். திருப்பிக் கொண்டுவரும்போது உங்கள் வீட்டு மழைக் கணக்கு நோட்டையும் கொண்டுவாருங்கள். திருத்திக் கொடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை.